இரும்புக்கையும் சிறுபிள்ளைத்தனமும்

தமிழில் இரண்டு வழக்குகள் உண்டு. 'குழந்தை உள்ளம்' என்பது ஒன்று. 'சிறுபிள்ளைத்தனம்' என்பது மற்றொன்று. பெரியவர் ஒருவர் மறைந்தால், இரங்கற் கூட்டத்தில் அவரைக் 'குழந்தை உள்ளம் படைத்தவர்' என்று போற்றுகிறோம். அவரே உயிரோடிருந்த நாளில் ஈப்போ பேருந்து நிலையத்தில் அமர்ந்து படக்கதைப் புத்தகம் ஒன்றைப் படித்துக் கொண்டிருந்திருப்பாராயின், அதைச் சிறுபிள்ளைத்தனம் என்று சொல்லியிருப்போம். சிறுபிள்ளை இட்ட வேளாண்மை வீடு வந்து சேராது என்னும் பழமொழியையும் உடன் சேர்த்துக் கொண்டிருப்போம். உள்ளத்தில் குழந்தையாய் இருத்தல் புகழுக்குரியது; கையில் குழந்தையின் பொருளை வைத்திருத்தல் இகழ்ச்சிக்குரியது. இந்த முரண்பாட்டைப் பற்றி நான் நெடுநாள் எண்ணியதில்லை. சென்ற பள்ளியாண்டில் நிகழ்ந்த ஒன்று என்னை எண்ண வைத்தது.

நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் கணிதப் பாட வேளையில் மேசைக்கு அடியில் படக்கதை படித்தான் என்று ஆசிரியை ஒருவர் அப்புத்தகத்தைக் கைப்பற்றி என்னிடம் கொடுத்தார். 'இரும்புக்கை மாயாவி'யின் மறுபதிப்பு அது. இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். மறுநாள் காலை அவன் தந்தையார் வந்தார். தொழிற்சாலைச் சீருடையில் இருந்தார். இரவு வேலை முடிந்து நேரே வந்திருக்கிறார் என்பது கண்களில் தெரிந்தது. மகனுக்காகப் பரிந்து பேச வந்தவர் என்று எண்ணி, வகுப்பு ஒழுங்கைப் பற்றிய என் வழக்கமான சொற்பொழிவைத் தொடங்கினேன். அவர் இடைமறித்தார்.

"ஐயா, அது என் பையனோட புக்கு இல்லீங்க. என்னோடது. எனக்குத் தெரியாம எடுத்துட்டு வந்துட்டான்."

நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர். சிறு வயதில் படித்ததை நினைவுக்காக வாங்கி வைத்திருக்கிறாரோ என்று கேட்டேன்.

"அப்ப எங்கங்கய்யா படிச்சேன்? அம்மாவோட காட்டுக்குப் போயி மங்கு தொடச்சேன். ஆறாம் ஆண்டோட நின்னுட்டேன். கிராணி வீட்டுப் புள்ளைங்க கையில இந்தப் புத்தகத்தைப் பார்த்திருக்கேன். இப்பத்தான் படிக்கிறேன்."

புத்தகத்தை உடனே கொடுத்திருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து வாருங்கள் என்றேன். அவ்விரு நாளும் நான் அதைப் படித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. இக்கட்டுரை அந்தப் படிப்பினால் விளைந்தது.

வளர்ந்தவர் சிறுவர்க்குரியதை விரும்புவது தமிழ் மரபுக்கு ஒவ்வாதது என்று கருதுவார் உளர். அவர்கள் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை மீண்டும் ஒருமுறை நோக்குதல் நலம். உவகை என்னும் மெய்ப்பாடு தோன்றும் நிலைக்களங்களாக ஆசிரியர் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என நான்கைக் கூறுகிறார். புலன் என்பதனை அறிவு என்று உரையாளர் கொள்வர். அறிவுடைமையோடும் காதலோடும் ஒரே வரிசையில் விளையாட்டை நிறுத்திய ஆசிரியர், அதை இன்ன வயதினர்க்கே உரியது என வரையறை செய்யவில்லை. நம் கோயில்களின் கல்தளங்களில் ஆடுபுலி ஆட்டத்துக்கும் பல்லாங்குழிக்கும் உரிய கோடுகளும் குழிகளும் வெட்டப்பட்டிருப்பதைத் தமிழகம் சென்று வந்தோர் கண்டிருப்பர். உளி பிடித்து அவற்றைக் கல்லில் வெட்டியவர் சிறுவராய் இருத்தல் அரிது. மேலை நாட்டிலும் இதே நிலைதான் இருந்தது. சிறுவர்க்கு ஓர் ஆட்டம், பெரியவர்க்கு ஓர் ஆட்டம் என்னும் பிரிவினை மிகப் பிந்தியே தோன்றியது என்பதைப் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பிலிப் ஆரியேஸ் 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார்.

ஆயினும், மரபில் இடமுண்டு என்று காட்டிவிட்டால் வழக்கு முடிந்துவிடாது. எத்தகைய இடம் என்று பார்க்க வேண்டும்.

புறநானூற்றின் 243ஆம் பாட்டைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். தொடித்தலை விழுத்தண்டினார் என்று அவர் சொல்லாலேயே பெயர் பெற்ற புலவர் பாடியது. மணலிற் செய்த பாவைக்குப் பூச்சூட்டியதும், பெண்களோடு கைகோத்துப் பொய்கையில் ஆடியதும், நீரின்மேல் தாழ்ந்த மருதக்கிளையில் ஏறிக் கரையில் நின்றோர் வியக்கக் குதித்து ஆழத்து மணலை அள்ளி வந்து காட்டியதும் ஆகிய இளமையை நினைக்கிறார். இருமலுக்கிடையே சில சொல் பேசும் தன் முதுமையை நோக்கி இரங்குகிறார். இப்பாட்டில் முதியவர் மீண்டும் குதிப்பதில்லை. கோலூன்றிக் கரையிலேயே நிற்கிறார். குளம் அவருக்கு நினைவுப் பொருள். அந்தத் தொலைவு இல்லையேல் அந்தப் பாட்டும் இல்லை.

பிள்ளைத்தமிழை எடுத்துக்கொள்வோம். பெயரை மட்டும் கேட்ட மாணவர் அதைப் பிள்ளைகளுக்கான தமிழ் என்று எண்ணி ஏமாறுவதை ஆண்டுதோறும் காண்கிறேன். பிள்ளைகள் படித்தால் பல் உடையும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கனைப் பிள்ளையாக்கிப் பாடினார். பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியைப் பிள்ளையாக்கிப் பாடினார். காப்பு முதலாகப் பத்துப் பருவம். அவற்றுள் சிற்றிற் பருவத்தில், தாங்கள் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைக்க வேண்டா என்று சிறுமியர் வேண்டுவதாகக் கவிஞர் பாடுவார். பழுத்த புலவர் சிறுமியின் குரலில் கெஞ்சுகிறார். ஆனால் அவர் மணல்வீடு கட்டுவதில்லை. தாயாக, செவிலியாக, தோழியாக நின்று பிள்ளையின் விளையாட்டைப் பார்க்கிறார். நம் மரபு பெரியவர்க்கு அளித்த இடம் பார்வையாளர் இடம் என்பது இதனால் புலப்படும். குளக்கரையில் நிற்கலாம், மணல்வீட்டருகே நிற்கலாம். உள்ளே இறங்குதல் வேறு செய்தி.

என் இழுப்பறையில் இருந்த புத்தகத்துக்கு உரியவர் உள்ளே இறங்கியவர். அவருக்குத் திரும்பி நோக்கி இரங்குவதற்கு ஒரு குளமும் இருந்ததில்லை. எனவே புறநானூற்று முதியவரை மேற்கோளாகக் காட்டி அவருக்கு வாதாடுதல் பொருந்தாது.

வேறொரு வாதமும் உண்டு. 'ஆங்கில அறிஞர் டோல்கீன் 1939ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய சொற்பொழிவில் இதைச் சொல்லிவிட்டாரே' என்பர் படித்த நண்பர்கள். தேவதைக் கதைகள் இயல்பிலேயே குழந்தைகளுக்கு உரியன அல்ல; பழைய நாகரிகத்து நாற்காலி மேசைகளைப் பெரியவர்கள் வேண்டாமென்று பிள்ளைகளின் அறைக்குத் தள்ளிவிடுவதுபோல் அக்கதைகளும் தள்ளப்பட்டன என்பது அவர் கருத்து. அக்கருத்து நம் விக்கிரமாதித்தன் கதைக்கு நன்கு பொருந்தும். பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராஜன் கதையும் திண்ணையில் ஒருவர் உரக்கப் படிக்க, ஊரார் கூடிக் கேட்டவை. அவற்றில் வரும் செய்திகள் சில பிள்ளைகள் காதில் விழத்தகாதவை. அந்த வேதாளம் 1947ஆம் ஆண்டில் நாகிரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கிய அம்புலிமாமாவில் ஏறிக் குழந்தைகளின் வேதாளம் ஆயிற்று. ஓவியர் சங்கர் வரைந்த, தோளில் பிணத்தைச் சுமந்து உருவிய வாளோடு நடக்கும் மன்னனை அறியாத தமிழ் வீடு அந்நாளில் குறைவு. ஆகவே அம்புலிமாமாவைப் படித்த பெரியவர் தம் வீட்டுப் பழைய நாற்காலியில் மீண்டும் உட்கார்ந்தார் என்றே கொள்ளலாம்.

(ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி விடுதியில் என் தலையணைக்கு அடியில் இருந்த அம்புலிமாமாவை விரிவுரையாளர் ஒருவர் எடுத்துச் சென்றார். ஆசிரியராகப் போகிறவன் படிக்கும் நூலா இது என்று கேட்டார். நூலை அவர் திருப்பித் தரவேயில்லை. படித்திருப்பார் என்றே இன்றும் எண்ணுகிறேன்.)

இரும்புக்கை மாயாவிக்கு இவ்வாதம் உதவாது. அது பெரியவர் அறையிலிருந்து தள்ளப்பட்ட பொருளன்று. பிறக்கும்போதே பையன்களுக்காகப் பிறந்தது. இங்கிலாந்தில் 1962ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 'வேலியண்ட்' என்னும் சிறுவர் வார இதழின் முதற் படைப்புகளுள் ஒன்று அது. எழுதத் தொடங்கியவர் கென்னத் பல்மர். பின்னர் டாம் டல்லி தொடர்ந்தார். வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பெயின் நாட்டு ஓவியர். 1972ஆம் ஆண்டில் சிவகாசியில் சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கியபோது, முதல் இதழாகத் தமிழில் வந்தது இக்கதையே. தொடக்கக் காலத்தில் அவ்விதழின் ஆசிரியராக விளங்கியவர் முல்லை தங்கராசன். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் நாட்காட்டிக்கும் பெயர் பெற்ற ஊரிலிருந்து புறப்பட்ட இப்புத்தகங்கள் கடல் கடந்து வந்து ஈப்போ லகாட் சாலைக் கடைகளில் வார இதழ்களுக்கு அருகில் தொங்கின. 1984ஆம் ஆண்டில் அவர் மகன் விஜயன், பதினேழு வயதில், 'கத்திமுனையில் மாடஸ்டி' என்னும் கதையோடு லயன் காமிக்ஸைத் தொடங்கினார்.

கதையை அறியாத ஆசிரியர்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன். லூயிஸ் கிராண்டேல் ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர் பாரிங்கருக்கு உதவியாளனாக இருப்பவன். விபத்து ஒன்றில் வலக்கையை இழக்கிறான். எஃகினாலான கை பொருத்தப்படுகிறது. பின்னொரு விபத்தில் உடலில் பெருமின்சாரம் பாய்கிறது. பாய்ந்தவுடன் அவன் உடல் கண்ணுக்கு மறைகிறது. மறையாதது ஒன்றே: அந்த எஃகுக்கை. காற்றில் கை மட்டும் மிதந்து வரும், பூட்டைத் திறக்கும், கழுத்தைப் பிடிக்கும். தொடக்கத்தில் அவன் அந்த ஆற்றலைக் குற்றத்துக்கே பயன்படுத்துகிறான். பின்னர் திருந்தி, உளவுப்படையில் சேர்ந்து நாட்டைக் காக்கிறான்.

பத்து வயதில் இதைப் படித்தபோது என்னைக் கவர்ந்தது மறைதல். ஆசிரியர் கண்ணுக்கும், தோட்டத்து மாமரத்தைக் காவல் காத்த தாத்தா கண்ணுக்கும் தெரியாமல் போகலாம் என்னும் ஆசை. கையைப் பற்றி நான் எண்ணவேயில்லை. ஐம்பதைக் கடந்து, ஒரு தொழிலாளியின் புத்தகத்தை இழுப்பறையிலிருந்து எடுத்துப் படித்தபோது, கையைத் தவிர வேறொன்றும் என் கண்ணில் படவில்லை.

ஆங்கிலத் தலைப்பில் உள்ளது 'கை' அன்று. அங்கே அவர்கள் இட்ட சொல்லுக்கு உகிர் என்றோ, வளைந்த கொடுநகம் என்றோ பொருள். பருந்துக்கும் புலிக்கும் உரிய சொல். தமிழாக்கியவர் அதை நகம் என்று பெயர்க்காமல் கை என்றார். விலங்கின் உறுப்பு மனிதனின் உறுப்பாயிற்று. ஆளுக்கு 'மாயாவி' என்று பெயர் சூட்டினார். இராம காதையில் வாலியோடு பொருது குகைக்குள் மறைந்த அசுரன் பெயர் அது. இவ்விரு சொல்லாலும் ஆங்கிலச் சிறுவர்க்கான அச்சக்கதை, உழைப்பவன் ஒருவனின் கதையாகத் தமிழில் மாறிவிட்டது. வேண்டுமென்றே செய்தார் என்று நான் வாதிடவில்லை. தலைப்புக்கு ஓசை நயம் வேண்டும் என்று மட்டுமே கருதியிருக்கலாம். ஆனால் மொழிபெயர்ப்பில் சொல் தன் வேலையைத் தானே செய்யும்.

ஆள் தெரிவதில்லை, கை மட்டும் தெரிகிறது. தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு இது மாயமா? விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது ஆளைப் பார்த்தவர் எவர்? எத்தனை பேர் வந்தனர், எத்தனை மரம் வெட்டினர், வாளியில் எவ்வளவு பால் என்பதே கணக்கு. சம்பள நாளில் கிராணி முன் நீளும் கை, பெருவிரலில் மை. அந்தக் கைநாட்டுக்குப் பின்னால் நின்ற முகம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கித்தாக் காடுகள் செம்பனையாகவும் வீட்டுமனையாகவும் மாறியபோது, கைகளுக்கு வேலையில்லை என்றவுடன் ஆட்களும் மறைந்து போயினர். இதைப் பத்து வயதுப் பையன் அக்கதையில் காண இயலாது. காண வேண்டியதும் இல்லை.

சிறுவர் நூலைப் பெரியவர் படிப்பதற்குரிய நியாயம் இங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு. குழந்தையாய் மாறுவதற்காக அதைப் படிக்க வேண்டியதில்லை. குழந்தையால் காண முடியாத ஒன்று அதில் இருக்குமாயின், அதைக் காண்பதற்குப் பெரியவர்தாம் வேண்டும். ஒரு நூலில் அப்படி ஒன்றும் இல்லையென்றால், அதைப் பழைய நினைவுக்காக அடுக்கி வைத்திருப்பது நூலை விரும்புவது ஆகாது.

நூல் முழுவதும் சிறந்தது என்று யாரும் கொள்ள வேண்டா. முதற் கதையில் கிராண்டேலின் கீழ்மை உண்மையாக இருக்கிறது. கையிழந்தவனின் கசப்பு, ஆற்றல் வந்தவுடன் எழும் பேராசை, திரும்ப முடியாத அச்சம் ஆகியவற்றைப் பிளாஸ்கோவின் கறுப்பு வெள்ளைத் தூரிகை நிழல்களாலேயே பேசிவிடுகிறது. அவன் திருந்தி ஒற்றனான பின்னர்க் கதை தேய்கிறது. அடுத்தடுத்து உலகை அழிக்க வரும் கொடியவர்கள். அவர்களை ஒரே முறையில் வெல்லும் கை. கட்டத்துக்குள் மிகுதியான சொற்களை நெருக்கி, படமே காட்டுவதை எழுத்தாலும் கூறுகிறார்கள். பெண்பாத்திரம் தேடினாலும் கிடைப்பது அரிது. இக்குறைகளைச் சொன்னால் விசிறிகள் சினப்பர். 'நாங்கள் சிறு வயதில் படித்தது' என்பர். அது விடையாகாது. சிறு வயதில் உண்ட மிட்டாய் எல்லாம் நல்ல மிட்டாய் அன்று.

இவ்விசிறிகளைப் பற்றிச் சிறிது கடிந்து கூற வேண்டியிருக்கிறது. முத்து, லயன் வெளியீடுகளின் இன்றைய வாசகருள் பெரும்பாலோர் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சிறுவராய் இருந்தோரே. இடையில் தளர்ந்திருந்த வெளியீடு 2012ஆம் ஆண்டில் புத்துயிர் பெற்றபோது, பத்து ரூபாய்க்கு விற்ற சாணித்தாள் புத்தகம் நூறு ரூபாய் வண்ணப் புத்தகம் ஆயிற்று. 2013ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முத்து காமிக்ஸின் நாற்பதாம் ஆண்டு மலர் நானூறு ரூபாய்க்கு வந்தது. தாளும் அச்சும் உயர்ந்தன. ஐரோப்பியப் படைப்புகள் தரமாகத் தமிழில் வந்தன. ஓர் ஊரில் ஒரு சிறு நிறுவனம் விடாப்பிடியாக இத்தனை ஆண்டு இதைச் செய்தமை பாராட்டத்தக்கது. ஆனால் நானூறு ரூபாய்ப் புத்தகத்தைத் தன் சில்லறைக் காசில் வாங்கும் சிறுவன் எங்கே இருக்கிறான்? அவன் வாங்கினாலும், வான் ஹாமும் வான்ஸும் படைத்த 'இரத்தப் படலம்' தன் பெயரையே மறந்த ஒருவன் அரசியற் கொலையின் தடயங்களினூடே தன்னைத் தேடும் கதை. பத்து வயதுக்கு உரியதன்று. இத்தாலியில் 1948ஆம் ஆண்டில் பிறந்த டெக்ஸ் வில்லரையும் அந்நாட்டில் வளர்ந்தவர்களே மிகுதியாகப் படிக்கிறார்கள். பெல்ஜியத்தின் 'டின்டின்' இதழ் தன் வாசகர் ஏழு வயது முதல் எழுபத்தேழு வயது வரை என்று முழக்கமிட்டது. நம்மிடம் எழுபத்தேழு இருக்கிறது, ஏழு இல்லை.

இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று பழிப்பவர் குறி தவறி எய்கிறார். பெரியவர் சிறுவர் பொருளைத் தொட்டது குற்றமன்று. தொட்டபின் சிறுவருக்கு இடம் விடாமல் உட்கார்ந்துவிட்டதே குற்றம். அம்புலிமாமாவும் நின்றுவிட்டது. அதற்கு ஈடாகத் தமிழ்க் குழந்தை தன் கைக்காசில் மாதந்தோறும் எதிர்பார்த்து வாங்கும் இதழ் எது என்று ஆசிரியர்களே தங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டேன். முப்பது பேர் கொண்ட கூட்டத்தில் ஒருவரும் விடை கூறவில்லை. ஆனால் 'உப்பின் இப்பின்' பாத்திரங்களின் பெயர்களைக் கேட்டபோது, ராஜு வளர்க்கும் மாட்டின் பெயர் வரை சொன்னார்கள். 2007ஆம் ஆண்டில் தொடங்கிய அந்த மலாய்க் கேலிப்படத்தை அவர்கள் வீட்டுப் பாட்டிமாரும் உடனிருந்து பார்க்கிறார்கள். அங்கே பாட்டி வந்ததனால் பேரனுக்கு இடமில்லாமல் போகவில்லை.

பேராக் மாநிலத்தில் இருந்துகொண்டு இப்பொருளைப் பேசும்போது டத்தோ லாட்டை விட்டுவிடுதல் முறையன்று. கோப்பேங்கை அடுத்த கோத்தா பாருவில் 1951ஆம் ஆண்டில் பிறந்து, ஈப்போவில் படித்து, பதின்மூன்று வயதிலேயே படக்கதை வெளியிட்டவர். பேராக் சுல்தான் 1994ஆம் ஆண்டில் அவருக்கு டத்தோ விருது அளித்தார். கேலிச்சித்திரம் வரைபவரை அரசு சிறப்பித்த செயல் அது. அவருடைய 'கம்போங் பாய்' 1979ஆம் ஆண்டில் வந்தது. இரண்டாண்டு கழித்து, ஈப்போ நகரைக் களமாகக் கொண்ட 'டவுன் பாய்' வந்தது. முன்னதைப் பெரியவர் தம் இளமைக்காகப் படித்தனர். 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அது வெளிவந்தபோது அங்குள்ளோர் அதை இளையோர் நூல் என்றே வரவேற்றனர். எது பெரியவர் நூல், எது சிறியவர் நூல் என்பதைக் கடல் ஒன்று தீர்மானிக்கிறது!

லாட்டின் சிறுவன் ஆற்றில் குதிக்கிறான். ஈயக்கப்பலின் அருகே மண்ணைக் கலைத்து ஈயம் அரிக்கிறான். இறுதியில் படிப்புக்காகக் கிராமத்தை விட்டு ஈப்போவுக்குப் புறப்படுகிறான். அந்தக் கிராமத்து நிலமும் ஈயத்துக்காகத் தோண்டப்படலாம் என்னும் நிழல் கடைசிப் பக்கங்களில் படர்கிறது. சொற்கள் சிரிக்கின்றன, படங்கள் சிரிப்பதில்லை. தொடித்தலை விழுத்தண்டினார் கோட்டோவியம் தீட்டியிருந்தால் இப்படித்தான் தீட்டியிருப்பார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பெரியவர் கரையில் நிற்கிறார், பையன் நீரில் இருக்கிறான், இருவர்க்கும் ஒரே பக்கத்தில் இடம் கிடைக்கிறது. சிவகாசிப் புத்தகங்களில் கிடைக்காதது இந்தக் கரை. அங்கே நாம் இலண்டனிலும் டெக்சாஸிலும் குதிக்கிறோம். நாம் குதித்த குளம் அங்கே இல்லை. கித்தாக் கொட்டையை உள்ளங்கையில் வைத்து உடைத்து விளையாடியதும், ஒட்டுப்பாலை உருட்டிப் பந்தாக்கி லயத்துச் சுவரில் எறிந்ததும், ஆயாக்கொட்டகைத் தூளியும் தமிழ்ப் படக்கதையாக வரையப்பட வேண்டும். அவற்றைக் கையால் தொட்டவர்கள் இன்று ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள். படம் வரையத் தெரிந்த இளைஞர்கள் நம் பள்ளிகளிலிருந்து வெளியேறிக் கோலாலம்பூரில் விளம்பர நிறுவனங்களில் வேலை செய்கிறார்கள். இவ்விருவரையும் ஒரு மேசையில் உட்கார வைப்பது யார் வேலை என்பதைப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் எழுத்தாளர் அமைப்புகளும் எண்ணிப் பார்க்கலாம். நூல் வெளியீட்டு விழாவில் மாலைக்கும் பொன்னாடைக்கும் ஆகும் செலவில் சில பக்கங்களாவது வரைந்துவிடலாம்.

இரண்டு நாள் கழித்து அந்தத் தந்தையார் வந்தார். புத்தகத்தைக் கொடுத்தேன். அட்டையைத் துடைத்துச் சட்டைக்குள் செருகிக் கொண்டார். நானும் படித்தேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"கை மட்டும் வருதே ஐயா, அந்த எடம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

நான் சொல்லத் தொடங்கினேன். மணி அடித்துவிட்டது, ஆயினும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மகன் வாயிற்படியில் நின்று, எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "அப்பா, நான் இன்னும் முடிக்கல" என்றான்.